மத்திய வங்கி பணத்தை இறக்கினால்: அறிவிப்பைப் படிக்க ஒரு கையேடு

வங்கி ஒன்றின் ட்ரெஷரியில், அரசுக் கடன்பத்திரங்களை வாங்கி விற்கும் மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் வட்டியைக் குறைத்தது, ஐரோப்பிய மத்திய வங்கி பத்திரம் வாங்குகிறது என்று செய்தியில் வந்தால் போதும், அக்கா மகன் போன் செய்துவிடுவான். "மாமா, இத்தனை லட்சம் கோடி இறக்குறாங்களே, இனி எல்லாம் ஏறுமா?" அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோவையாக எழுதி வைக்கிறேன். பொருளாதாரப் பட்டமெல்லாம் வேண்டாம். ஒரு நோட்டு, மத்திய வங்கிகளின் இணையதளங்கள், கொஞ்சம் பொறுமை போதும்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஜப்பானையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற நாடுகள் 2008-க்குப் பிறகு செய்ததில் பலவற்றை அவர்கள் முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். 1999-ல் வட்டியைப் பூஜ்யமாக்கினார்கள். 2001 மார்ச்சில் பத்திரம் வாங்கிப் பணத்தைப் பெருக்கும் வழிக்குப் போனார்கள். பரிசோதனைக் கூடம் என்று ஒன்று இருந்தால் அது டோக்கியோதான்.

தொகையைத் தள்ளி வையுங்கள்

தலைப்புச் செய்தியில் வரும் தொகை மலைக்க வைக்கும். அதை விட்டுவிட்டு, யாரிடமிருந்து எதை வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

மத்திய வங்கி ஒரு வங்கியிடம் 100 கோடிக்கு அரசுப் பத்திரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வங்கியின் கையிலிருந்து 100 கோடி பத்திரம் போகிறது; மத்திய வங்கியில் அதற்கு இருக்கும் நடப்புக் கணக்கில் 100 கோடி வரவாகிறது. யாரும் ஒரு பைசா பணக்காரர் ஆகவில்லை. வட்டி தரும் காகிதம் போய், வட்டி குறைவான இருப்பு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நடப்புக் கணக்குப் பணம் வங்கிக்கும் வங்கிக்கும் இடையேதான் ஓடும். அது உங்கள் தெருவுக்கு வர வேண்டும் என்றால் யாராவது கடன் கேட்டு வர வேண்டும், கொடுக்க வங்கிக்கு மனம் வர வேண்டும்.

விற்றவர் காப்பீட்டு நிறுவனமோ ஓய்வூதிய நிதியோ என்றால் கதை சற்று மாறும். அவர்களின் வங்கிக் கணக்கில் டெபாசிட் கூடும். ஆனால் அந்தப் பணத்தை வைத்து அவர்கள் ஃபிரிட்ஜ் வாங்கப் போவதில்லை. இன்னொரு பத்திரமோ பங்கோ வாங்குவார்கள். அதனால்தான் முதலில் ஏறுவது பங்குச் சந்தையாக இருக்கிறது. மளிகைக் கடை வியாபாரத்துக்கு அது வந்து சேர்வது ரொம்பப் பின்னால். சில நேரம் வருவதே இல்லை.

இதை எங்கள் மேசையிலேயே பார்த்தேன். 2020 ஏப்ரலில் ஊரடங்கு. ரிசர்வ் வங்கி சந்தையில் தாராளமாகப் பணம் விட்டிருந்தது. சாயங்காலம் ஆனால் அந்தப் பணத்தையே ரிவர்ஸ் ரெப்போவில் ரிசர்வ் வங்கியிடம் திரும்பக் கொண்டுபோய் வைப்போம். ஏப்ரல் 15 அன்று இப்படித் திரும்பிப் போனது 6.9 லட்சம் கோடி ரூபாய், சொன்னது கவர்னரே. இப்படி வைக்காமல் கடன் கொடுங்கள் என்பதற்காக இரண்டு நாள் கழித்து அந்த வட்டியை 4 சதவீதத்திலிருந்து 3.75 ஆகக் குறைத்தார்கள். நாங்கள் டெபாசிட்தாரருக்குக் கொடுக்கும் வட்டி அதைவிட அதிகம், வைத்தால் நஷ்டம். ஆனாலும் வைத்தோம். இதில் எவ்வளவு நஷ்டம் என்று பேனா பிடித்துக் கணக்குப் போடலாம். கதவடைத்துக் கிடக்கும் கம்பெனிக்குக் கடன் கொடுத்தால் எவ்வளவு போகும் என்று யாரால் சொல்ல முடியும்? அதே மாதம் 23-ம் தேதி, சிறிய நிதி நிறுவனங்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று 25,000 கோடியை ரெப்போ வட்டியில், அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியில், ஏலம் விட்டார்கள். வங்கிகள் கேட்டது 12,850 கோடிதான். மலிவான பணம், மூன்று வருஷத் தவணை, வாங்க ஆளில்லை.

நோட்டில் மூன்று வரிசை

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதல் வரிசையில் அடிப்படைப் பணம்: புழங்கும் நோட்டும், வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் இருப்பும். இரண்டாவதில் மக்கள், கம்பெனிகள் கையிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள மொத்தப் பணம். மூன்றாவதில் வங்கிகள் கொடுத்திருக்கும் கடன். முதல் வரிசை மட்டும் ஓட, மற்ற இரண்டும் நடந்தால், பணம் வங்கி வாசலைத் தாண்டவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எண்கள் எல்லாம் இலவசம். ஃபெடரல் ரிசர்வின் கணக்கு வியாழக்கிழமைதோறும் வரும். ஐரோப்பிய மத்திய வங்கியினுடையது செவ்வாயன்று. நம் ரிசர்வ் வங்கியின் வாராந்திரப் புள்ளிவிவரம் வெள்ளி. ஜப்பான் மத்திய வங்கி பத்து நாளுக்கு ஒரு முறை வெளியிடும்.

இப்போது 2013 ஏப்ரல் 4-ஐ எடுங்கள். ஹருஹிகோ குரோடா ஜப்பான் மத்திய வங்கிக்குத் தலைவராக வந்து சில வாரங்கள்தான். இரண்டு ஆண்டுகளுக்குள் 2 சதவீதப் பணவீக்கம், அடிப்படைப் பணம் இரண்டு மடங்கு என்று அறிவித்தார். பத்திரிகையாளர்களுக்கு முன்னால் '2' என்று பெரிதாக அச்சிட்ட பலகையையும் காட்டினார். உலகமே கைதட்டியது. ஆனால் அந்த அறிவிப்போடு ஒரு சின்ன அட்டவணை இருந்தது. விஷயம் அதில்தான். 2012 முடிவில் அடிப்படைப் பணம் 138 லட்சம் கோடி யென். 2014 முடிவில் 270 லட்சம் கோடி ஆக்குவோம் என்று போட்டிருந்தார்கள். அது எங்கே போய் உட்காரும் என்பதும் அதிலேயே இருக்கிறது: புழங்கும் நோட்டு 87-லிருந்து 90 ஆகும்; வங்கிகளின் நடப்புக் கணக்கு இருப்பு 47-லிருந்து 175 ஆகும். அதாவது சேர்க்கப்போகும் பணம் ஏறக்குறைய முழுவதும் வங்கிகளின் கணக்கில்தான் கிடக்கப் போகிறது என்பது அவர்களின் சொந்தத் திட்டத்திலேயே எழுதியிருந்தது.

அப்புறம் என்ன ஆனது? முதல் வரிசை சொன்னபடி இரட்டிப்பானது. இரண்டாவது வரிசை ஆண்டுக்கு 3, 4 சதவீதம்தான் நகர்ந்தது. விலைவாசி 2014 ஏப்ரல் வாக்கில், விற்பனை வரி உயர்வின் பாதிப்பைக் கழித்துப் பார்த்தால், 1.5 சதவீதம் வரை போய்விட்டு மறுபடி பூஜ்யத்தை நோக்கி இறங்கியது. 2014 அக்டோபர் 31 அன்று பத்திரம் வாங்கும் வேகத்தை ஆண்டுக்கு 80 லட்சம் கோடி யென்னாகக் கூட்டினார்கள். 2018-ல் ஜப்பான் மத்திய வங்கியின் சொத்து அந்நாட்டின் ஓராண்டு ஜிடிபியையே தாண்டியது. 2 சதவீதம் மட்டும் வரவில்லை.

கடைசியில் அது வந்தது 2022-ல். உக்ரைன் போரால் எரிபொருள் விலை ஏறி, யென்னும் சரிந்து, வெளியிலிருந்து வந்தது. 2023 ஜனவரியில் 4.2 சதவீதம், 41 ஆண்டுகளில் காணாத உயரம். இரண்டு ஆண்டில் கேட்டது ஒன்பது ஆண்டு கழித்து வேறு வாசல் வழியாக வந்தால், அதை மருந்து வேலை செய்தது என்று கணக்கில் எழுத எனக்குக் கை வராது.

கடன் கேட்க ஆள் இருக்கிறதா

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்த இடத்தில்தான். வட்டி குறைப்பு என்பது கடன் வாங்க நினைத்து விலை அதிகம் என்று தயங்கி நிற்பவருக்குத்தான் உதவும். கடனே வேண்டாம் என்றிருப்பவரை அசைக்காது.

டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915-ல் நின்றது. அதற்குப் பிறகு பங்கும் நிலமும் சரிந்தன. நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய கம்பெனிகளுக்குச் சொத்தின் மதிப்பு போய்விட்டது, கடன் மட்டும் அப்படியே இருந்தது. வியாபாரத்தில் லாபம் வந்தாலும் அதை எடுத்துக் கடனை அடைப்பதிலேயே பத்துப் பதினைந்து வருஷம் போனது. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஜப்பானியக் கம்பெனிகள் மொத்தமாகப் பார்த்தால் கடன் வாங்குபவர்களாக இல்லை, சேமிப்பவர்களாக மாறிவிட்டார்கள். ரிச்சர்ட் கூ என்ற பொருளாதார நிபுணர் இதை வைத்துத்தான் தன் வாதத்தையே கட்டினார்: எல்லோரும் கடனை அடைப்பதில் குறியாக இருக்கும்போது வட்டி பூஜ்யமானாலும் பயனில்லை, அரசே செலவு செய்தால்தான் உண்டு. அவர் சொல்வதில் முழுவதும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஜப்பான் கம்பெனிகளின் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை சரி என்று தெரியும்.

இன்னொன்று, மக்கள்தொகை. 15 வயது முதல் 64 வரை உள்ளவர்களின் எண்ணிக்கை ஜப்பானில் 1995-ல் உச்சம் தொட்டது, சுமார் 8.7 கோடி. அதற்குப் பிறகு இறக்கம்தான். வாங்குகிறவர்களும் வேலை செய்கிறவர்களும் வருஷா வருஷம் குறையும் ஊரில் புதுத் தொழிற்சாலை கட்டுகிறவர் யார்? எந்த மத்திய வங்கியாலும் இருபது வயதுக்காரர்களை அச்சடிக்க முடியாது.

இதை நீங்களே சோதிக்க வழி இருக்கிறது. ஃபெடரல் ரிசர்வ், ஐரோப்பிய மத்திய வங்கி, ஜப்பான் மத்திய வங்கி மூன்றுமே மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கிகளின் கடன் அதிகாரிகளிடம் கேள்வித்தாள் அனுப்பி முடிவை வெளியிடுகின்றன. அதில் இரண்டு பதிலை மட்டும் தேடுங்கள்: கடன் கொடுக்கும் நிபந்தனையை இறுக்கினீர்களா, தளர்த்தினீர்களா? கடன் கேட்டு வருபவர்கள் கூடினார்களா, குறைந்தார்களா? நிபந்தனை தளர்ந்தும் கேட்பவர் கூடவில்லை என்றால் சிக்கல் வட்டியில் இல்லை. அடுத்த வட்டிக் குறைப்புக்காகக் கைதட்டுவதை நிறுத்திவிட்டு அந்நாட்டு பட்ஜெட்டைப் படிக்கத் தொடங்குங்கள்.

பூஜ்யத்துக்குக் கீழே

2016 ஜனவரி 29. எதிர்மறை வட்டி பற்றி யோசிக்கவில்லை என்று ஒரு வாரத்துக்கு முன்புதான் நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார் குரோடா. அன்று அவர்களின் கொள்கைக் குழுவில் 5-க்கு 4 என்ற வாக்கில் மைனஸ் 0.1 சதவீதம் அறிவித்தார்கள். செய்தியைக் கேட்டவர்கள் வங்கிகளின் மொத்த இருப்புக்கும் அபராதம் என்று நினைத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று அடுக்கு. சுமார் 210 லட்சம் கோடி யென்னுக்குப் பழையபடி 0.1 சதவீதம் வட்டி உண்டு. 40 லட்சம் கோடிக்குப் பூஜ்யம். மைனஸ் வட்டி தொடக்கத்தில் வெறும் 10 லட்சம் கோடிக்கு மட்டும். தலைப்பில் மைனஸ் என்று வந்தால் எந்த அடுக்குக்கு என்று தேடும் பழக்கம் அதனால்தான் வேண்டும்.

ஏன் இத்தனை ஜாக்கிரதை? டெபாசிட் போட்ட பாட்டியிடம் போய் உங்கள் பணத்துக்கு நீங்கள்தான் வட்டி கட்ட வேண்டும் என்று எந்த வங்கியாலும் சொல்ல முடியாது. பணத்தை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வார். அடுத்த மாதமே ஜப்பானில் இரும்புப் பெட்டிகள் கடைகளில் விற்றுத் தீர்வதாகச் செய்தி வந்தது. டெபாசிட் வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் கடன் வட்டி மட்டும் இறங்கினால் வங்கியின் லாப இடைவெளி நசுங்கும். வங்கிப் பங்குகள் விழுந்தன. யென்னைத் தளர்த்தத்தான் இதைச் செய்தார்கள் என்று சந்தை நினைத்தது. டாலருக்கு 121 என்று தளர்ந்த யென், இரண்டு வாரத்துக்குள் 112 அளவுக்கு வலுத்துவிட்டது. நினைத்ததற்கு நேர் எதிர்.

செலாவணிப் பக்கம்

பணத்தை இறக்கினால் சொந்த நாணயம் சரியும், ஏற்றுமதி கூடும் என்பார்கள். முதல் பாதி நடந்தது. 2012 இலையுதிர் காலத்தில் டாலருக்கு 80-ஐ ஒட்டி இருந்த யென், 2015 ஜூனில் 125 ஆனது. ஏற்றுமதிக் கம்பெனிகளின் லாபம் யென் கணக்கில் கொழித்தது. ஆனால் கப்பலேறிய சரக்கின் அளவு அந்த அளவுக்குக் கூடவில்லை. தொழிற்சாலைகள் ஏற்கெனவே தாய்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போயிருந்தன.

உலக அளவில் பார்த்தால் இது இன்னும் குறுகிய வழி. எல்லா நாணயமும் ஒரே நேரத்தில் சரிய முடியாது. ஐரோப்பிய மத்திய வங்கி 2014 ஜூனில் மைனஸ் வட்டிக்குப் போய், 2015 மார்ச்சில் மாதம் 60 பில்லியன் யூரோவுக்குப் பத்திரம் வாங்கத் தொடங்கியது. அந்த அலை வருவதற்குள் சுவிட்சர்லாந்து, தன் ஃபிராங்க் அதற்கு மேல் வலுக்காமல் இருக்க யூரோவுக்கு 1.20 என்று பிடித்து வைத்திருந்த வரம்பை 2015 ஜனவரி 15 அன்று கைவிட்டது. ஒருவர் தளர்த்தியது அடுத்தவரின் தலையில் விடிந்தது.

நமக்கும் விடிந்திருக்கிறது. 2013 மே 22 அன்று ஃபெடரல் ரிசர்வின் அப்போதைய தலைவர் பெர்னான்கி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம், மாதம் 85 பில்லியன் டாலருக்கு வாங்கும் பத்திரத்தை இனி வரும் கூட்டங்களில் குறைக்கலாம் என்று சொன்னார். சொன்னதோடு சரி, குறைக்கும் முடிவு வந்தது டிசம்பரில்தான். அதற்குள் ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாய் 80 காசைத் தொட்டுவிட்டது. மே தொடக்கத்தில் 54-ஐ ஒட்டி இருந்தது. வளர்ச்சி மந்தமாக இருந்த நேரத்தில், ரூபாயைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி ஜூலையிலேயே, வங்கிகள் அவசரத்துக்குத் தன்னிடம் வாங்கும் கடனின் வட்டியை 10.25 சதவீதமாக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோடையில் எங்கள் மேசையில் யாரும் நேரத்துக்குச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. ஆகவே இந்தியாவில் முதலீடு வைத்திருப்பவர், வாஷிங்டனில் பணம் இறங்கும் நாளை மட்டும் அல்லாமல் அது நிற்கப்போகும் நாளையும் குறித்து வைக்க வேண்டும்.

எங்கே நிஜமாகவே பலிக்கிறது

இவ்வளவு சொன்னதால் மத்திய வங்கியே வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பீதியை நிறுத்துவதில் அதற்கு நிகர் யாரும் இல்லை. 2012 ஜூலை 26 அன்று லண்டனில் ஐரோப்பிய மத்திய வங்கியின் அப்போதைய தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காக்க எது தேவையோ அதைச் செய்வோம் என்றார். செப்டம்பரில் அதற்கென ஒரு பத்திரம் வாங்கும் திட்டத்தை அறிவித்தார்கள். இத்தாலி, ஸ்பெயின் பத்திரங்களின் வட்டி சரசரவென்று இறங்கியது. இன்றுவரை அந்தத் திட்டத்தில் ஒரு யூரோகூடச் செலவாகவில்லை.

2020-ல் ஃபெடரல் ரிசர்வ் செய்ததை இரண்டு பத்தியாகப் பிரித்து நோட்டில் எழுதுங்கள், படிப்பினை முழுக்க அதில் இருக்கிறது. கம்பெனிப் பத்திரங்களை வாங்க 750 பில்லியன் டாலர் வரை ஒதுக்கினார்கள்; வாங்கியது சுமார் 14 பில்லியன். ஆனால் அறிவித்த உடனே சந்தை அடங்கிவிட்டது, கம்பெனிகள் தனியாரிடமே கடன் திரட்டின. நடுத்தரத் தொழில்களுக்குக் கடன் கொடுக்க இன்னொரு திட்டம், 600 பில்லியன். அதில் போனது சுமார் 17.5 பில்லியன். இரண்டிலும் பணம் ஏறக்குறைய அப்படியே மிச்சம். முதலாவதில் பயம்தான் நோய், அதனால் பணம் தேவைப்படவே இல்லை. இரண்டாவதில் வாடிக்கையாளரே வராத கடைக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் எதற்கு? மத்திய வங்கி கடன் கொடுக்கலாம், செலவு செய்ய முடியாது. சம்பளமும் மானியமும் கொடுப்பது அரசின் வேலை.

வெளியே வரும் வழி

கறந்த பால் மடி புகாது. இறக்கிய பணத்தைத் திரும்ப எடுப்பதும் அப்படித்தான். அறிவிப்பைப் படிக்கும் அன்றே வெளியேறும் வழி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கூட்டிய இருப்புக்கு வட்டி கொடுக்க வேண்டும் என்பது முதல் செலவு. வட்டி ஏறியபோது ஃபெடரல் ரிசர்வ், குறைந்த வட்டியில் வாங்கிய பத்திரங்களை வைத்துக்கொண்டு வங்கிகளுக்கு அதிக வட்டி கொடுத்தது. 2023-ல் மட்டும் நஷ்டம் 114.3 பில்லியன் டாலர். மத்திய வங்கி இதனால் திவாலாகாது. ஆனால் வருஷா வருஷம் அரசு கஜானாவுக்குப் போன உபரி நின்றுபோகும்.

ஜப்பானில் 2024-ல் தொழிற்சங்கங்கள் பேசி வாங்கிய சம்பள உயர்வு 5 சதவீதத்தைத் தாண்டியது, 33 ஆண்டுகளில் அதிகம். அந்த மார்ச் 19-ல் மைனஸ் வட்டியைக் கைவிட்டார்கள். ஜூலை 31-ல் 0.25 சதவீதமாக்கினார்கள். கால் சதவீதம்தான். ஆனால் மலிவு யென்னில் கடன் வாங்கி உலகமெங்கும் போட்டு வைத்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடினார்கள். அமெரிக்க வேலைவாய்ப்பு எண்ணும் அந்த வாரம் மோசமாக வந்ததில், ஆகஸ்ட் 5 அன்று நிக்கேய் ஒரே நாளில் 12.4 சதவீதம் விழுந்தது.

அந்த டிசம்பரில் ஜப்பான் மத்திய வங்கி கால் நூற்றாண்டுக் கொள்கையைத் திரும்பிப் பார்த்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பெரிய அளவில் செய்த தளர்வு, தொடங்கும்போது எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தரவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் கிடைக்கும், நேரம் இருந்தால் படியுங்கள். இப்படி நேர்மையாக எழுதும் மத்திய வங்கிகள் குறைவு.

பத்திரமாவது தவணை முடிந்தால் தானாகக் கழியும். ஜப்பான் மத்திய வங்கி பங்குச் சந்தை இடிஎஃப்களையும் (பல கம்பெனிப் பங்குகளைச் சேர்த்துக் கட்டி, சந்தையில் வாங்கி விற்கும் நிதிகள்) வாங்கியது, வாங்கிய விலைக்கு சுமார் 37 லட்சம் கோடி யென். பங்குக்குத் தவணைத் தேதி கிடையாது, விற்றால்தான் உண்டு. 2025 செப்டம்பரில் விற்க முடிவெடுத்தார்கள்: வாங்கிய விலையில் ஆண்டுக்கு 33,000 கோடி யென் அளவுக்கு. நோட்டில் வகுத்துப் பாருங்கள், 112 ஆண்டு வருகிறது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று அதன் தலைவர் உவேதாவே பேட்டியில் சொன்னார்.